ஓராண்டுக்கு மேலாக நஷ்டத்தில் நிற்கும் வங்கிப் பத்திரங்கள்: எப்போது கவலைப்பட வேண்டும்?

#1 கொடிவேரி

அனைவருக்கும் வணக்கம். என் ஓய்வுக்கால சேமிப்பில் அமெரிக்காவின் நடுத்தர வங்கி ஒன்றின் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. வங்கியின் பெயர் வேண்டாம், கேள்வி பொதுவானதுதான்.

அதன் ஆண்டறிக்கையில் கடன்பத்திரங்கள் பற்றிய குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். சந்தை விலை வாங்கிய விலையைவிட இறங்கிப்போன பத்திரங்களை இரண்டாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். நஷ்டத்தில் விழுந்து பன்னிரண்டு மாதம் ஆகாதவை ஒரு பக்கம், பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆனவை மறுபக்கம். முதல் பக்கத்தில் இருப்பது சில்லறை. ஏறக்குறைய முழு நஷ்டமும் இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் நான்கு வரி: வட்டி உயர்ந்ததால் வந்த இறக்கம், விற்கும் எண்ணம் இல்லை, விலை மீளும்வரை வைத்திருப்போம், அதனால் இழப்புக்கென்று ஒதுக்கீடு (லாபத்திலிருந்து எடுத்து வைக்கும் தொகை) எதுவும் செய்யவில்லை.

இத்தனை காலமாக மீளாத ஒன்றை எப்படி நஷ்டம் இல்லை என்று விடுகிறார்கள்? ஆடிட்டர் ஏன் கேட்பதில்லை? விற்க மாட்டோம் என்று சொன்னால் போதுமா?

#2 சிற்றோடை

இதில் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அமெரிக்க அரசுப் பத்திரங்களும், அரசு பின்னால் நிற்கும் வீட்டுக்கடன் பத்திரங்களும் (பல வீட்டுக்கடன்களைச் சேர்த்து உருவாக்கியவை)தான் இருக்கும். முதிர்வு வரை வைத்திருந்தால் முழுப் பணமும் வந்துவிடும். நடுவில் விலை ஏறும், இறங்கும். விற்காதவரை நஷ்டமே கிடையாது.

#3 பேரேடு

நான் நியூ ஜெர்சியில் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். வங்கிகளின் இந்தக் குறிப்பைப் பல ஆண்டுகளாகச் சரிபார்த்து வருவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கணக்கு முறையில் வங்கி கடன்பத்திரம் வாங்கும்போதே அதை மூன்று பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். வர்த்தகத்துக்கு என்று வாங்கியவற்றின் விலை மாற்றம் நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். விற்பனைக்குத் தயாராக இருப்பவை (எல்லோரும் ஏஎஃப்எஸ் என்போம்) சந்தை விலையில் காட்டப்படும், ஆனால் அந்த ஏற்ற இறக்கம் லாபத்தைத் தொடாமல் பங்குதாரர் மூலதனத்தில் தனி வரியாக நிற்கும். முதிர்வு வரை வைத்திருப்பவை, அதாவது எச்டிஎம், வாங்கிய விலையிலேயே நிற்கும். அவற்றின் சந்தை விலையை அறிக்கையில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

கொடிவேரி பார்த்த பன்னிரண்டு மாத அட்டவணை ஏஎஃப்எஸ் பெட்டிக்கானது. முன்பெல்லாம் நஷ்டம் தற்காலிகமா நிரந்தரமா என்று ஆராயும்போது, எத்தனை காலமாக விலை கீழே கிடக்கிறது என்பதும் ஓர் அளவுகோலாக இருந்தது. 2020ல் பெரிய நிறுவனங்களுக்கும் 2023ல் மற்றவர்களுக்கும் விதி மாறியது. இப்போது கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கடன் வாங்கியவர் திருப்பித் தராமல் போகும் அபாயத்தால் வந்த நஷ்டமா, வட்டி உயர்ந்ததால் வந்ததா? முதலாவது என்றால் ஒதுக்கீடு வேண்டும். இரண்டாவது என்றால் வேண்டாம், அது எத்தனை வருடம் நீடித்தாலும் சரி. கால அளவு அந்த முடிவிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. அட்டவணை மட்டும் தொடர்கிறது.

இரண்டாவது பக்கம் நிரம்பி வழிவதற்குக் காரணம் எளிது. 2020, 2021ல் டெபாசிட் வெள்ளமாக வந்தது. வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்த காலம். வங்கிகள் அந்தப் பணத்தை ஒன்றரை, ஒன்றே முக்கால் சதவீதத்துக்கு நீண்டகாலப் பத்திரங்களில் போட்டன. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றத் தொடங்கியது. 2023 ஜூலைக்குள் 0–0.25 சதவீதத்திலிருந்து 5.25–5.50 வரை போய்விட்டது. அப்போது வாங்கிய நீண்டகாலப் பத்திரங்கள் ஓராண்டுக்குள் மீளவில்லை.

எண்ணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விற்கும் எண்ணம் இருந்தாலோ, விலை மீளும் முன்பே விற்க வேண்டிய கட்டாயம் வரும் வாய்ப்பு அதிகம் என்றாலோ, முழு நஷ்டத்தையும் உடனே லாப நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். அதனால் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. நாங்கள் வங்கியின் பணப்புழக்கத் திட்டத்தைக் கேட்போம், சமீபத்திய விற்பனைகளைப் பார்ப்போம். ஆனால் டெபாசிட்தாரர்கள் அடுத்த மாதம் என்ன செய்வார்கள் என்பதற்கு எந்த ஆடிட்டரும் சான்று தர முடியாது.

#4 சிற்றோடை

நான் சொன்னதைத்தானே விதியும் சொல்கிறது? திருப்பித் தரும் திறனில் குறை இல்லை, முழுப் பணமும் வரும், ஆகவே நஷ்டம் இல்லை.

#5 பேரேடு

விதி சொல்வது, நஷ்டத்தை இப்போது எழுத வேண்டாம் என்பது. நஷ்டம் இல்லை என்று அது சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் மொத்த விஷயமும் கைநழுவிப் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முகமதிப்பு 1000 டாலர், காலம் பத்து வருடம், ஆண்டு வட்டி 1.5 சதவீதம். வாங்கிய கையோடு சந்தை வட்டி 4.5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 45 டாலர் தரும் புதுப் பத்திரம் பக்கத்திலேயே கிடைக்கும்போது, 15 டாலர் தரும் பழையதை ஆயிரம் கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். அதன் விலை சுமார் 763 டாலருக்கு இறங்கிவிடும். 237 டாலர் போச்சு. வட்டி அங்கேயே நின்றால், ஐந்து வருடம் கழித்து விலை 868. முதிர்வுக்கு ஒரு வருடம் இருக்கையில் 971. முதிரும் நாளில் சரியாக 1000. நீங்கள் சொல்லும் "முழுப் பணம்" இதுதான்.

ஆனால் அந்தப் பத்து வருடமும், வந்திருக்க வேண்டிய 45க்குப் பதில் 15தான் வந்தது. ஆண்டுக்கு 30 டாலர் குறைவு. பத்து வருடம் வந்துகொண்டிருக்கும் இந்தக் குறைவை 4.5 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு தெரியுமா? அதே 237 டாலர். ஒரு பைசா கூடக் குறையாது.

விற்றால் முதல் நாளே மொத்தமாக இழப்பீர்கள், விற்காவிட்டால் பத்து வருடத் தவணையில் இழப்பீர்கள். வட்டி உயர்ந்த அன்றே அந்த இழப்பு நிகழ்ந்துவிட்டது. அதை எந்த நாளில் எழுதுவது என்பது மட்டும்தான் வங்கியின் கையில் இருக்கிறது.

#6 வைகறை

பேரேடு சார் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வீட்டுக்கடன் பத்திரங்களில் நிலைமை இன்னும் மோசம். வட்டி குறைவாக இருக்கும்போது வீட்டுக்காரர்கள் பழைய கடனை அடைத்துவிட்டுப் புதுக்கடன் எடுப்பார்கள், பத்திரம் சீக்கிரமே முடிந்துவிடும். வட்டி ஏறினால் மூன்று சதவீதக் கடன் வைத்திருப்பவர் அதை விடவே மாட்டார். ஐந்து வருடத்தில் பணம் திரும்பும் என்று எண்ணி வாங்கியது ஒன்பது, பத்து வருடம் என்று நீளும். நஷ்டத்தில் இருக்கும் நேரம் பார்த்து நஷ்டத்தின் காலமும் நீள்கிறது.

#7 கடலூர்க்காரர்

பொதுத்துறை வங்கி ஒன்றின் ட்ரஷரியில் (வங்கியின் பணத்தையும் பத்திரங்களையும் கையாளும் பிரிவு) இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிற்றோடை தம்பி சொல்வதை எங்கள் டீலிங் ரூமிலும் நிறையப் பேர் சொல்வார்கள். "முதிர்வு வரை வைத்திருப்போம்" என்பது வங்கி மட்டும் எடுக்கும் முடிவு அல்ல, டெபாசிட்தாரரும் சம்மதிக்க வேண்டும். இதை, 2023ல் மூழ்கிய அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது.

2019 முடிவில் அந்த வங்கியின் டெபாசிட் சுமார் 6,200 கோடி டாலர். 2021 முடிவில் 18,900 கோடி. இரண்டே வருடத்தில் மூன்று மடங்கு. வந்த பணமெல்லாம் ஸ்டார்ட்அப் கம்பெனிகளின் பணம். அதற்கு ஈடாகக் கடன் கொடுக்க ஆள் இல்லாததால் பத்திரங்களில் போட்டார்கள். 2022 முடிவில் எச்டிஎம் பெட்டியில் மட்டும் 9,130 கோடி டாலர். சராசரி வருமானம் 1.66 சதவீதம்.

அந்த வருட ஐந்தொகையை எடுத்துப் பாருங்கள். எச்டிஎம் வரியில் புத்தக மதிப்பு 91,321 மில்லியன் என்று இருக்கும். அதே வரியில் அடைப்புக்குறிக்குள் சந்தை மதிப்பு 76,169 மில்லியன். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 1,520 கோடி டாலர். வங்கியின் மொத்த மூலதனமே ஏறக்குறைய 1,630 கோடிதான். யாரும் எதையும் மறைக்கவில்லை. 2023 பிப்ரவரி கடைசி வாரத்தில் வெளிவந்த அறிக்கையில், எல்லோர் கண்ணெதிரேயும் அந்த எண் அச்சாகியிருந்தது. அதே அறிக்கையில் முதல்நிலை மூலதன விகிதம் (இடருக்கேற்ப எடைபோட்ட சொத்தில் மூலதனத்தின் பங்கு) 12 சதவீதத்துக்கு மேல்!

ஏஎஃப்எஸ் பெட்டியிலும் ஏறக்குறைய 250 கோடி நஷ்டம் இருந்தது. ஆனால் அந்த அளவுள்ள வங்கிகள் அதை மூலதன விகிதக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று 2019ல் தளர்த்திய விதி இடம் கொடுத்தது. அவர்களும் அப்படியே விட்டார்கள். இதைவிட என்னை உறுத்துவது, வட்டி ஏறினால் காப்பாற்றும் ஹெட்ஜ் ஒப்பந்தங்களை வட்டி ஏறிக்கொண்டிருந்த 2022லேயே நீக்கினார்கள். அந்த வருடம் பெரும்பகுதி அங்கே தலைமை இடர் அதிகாரி பதவியும் காலியாகக் கிடந்தது. பெடரல் ரிசர்வின் சொந்த விசாரணை அறிக்கையிலேயே (2023 ஏப்ரல்) இவையெல்லாம் இருக்கின்றன. தன் மேற்பார்வை தாமதித்ததையும் அது ஒப்புக்கொள்கிறது.

அப்புறம் நடந்தது வேகமான கதை. ஸ்டார்ட்அப்களுக்குப் புது முதலீடு வறண்டது. வங்கியில் இருந்த பணத்தை எடுத்துச் சம்பளம் போட்டார்கள். 2023 மார்ச் 8, புதன்கிழமை, சுமார் 2,100 கோடி டாலர் ஏஎஃப்எஸ் பத்திரங்களை விற்றுவிட்டதாகவும், வரி போக 180 கோடி நஷ்டம் என்றும், 225 கோடி புது மூலதனம் திரட்டப் போவதாகவும் வங்கி அறிவித்தது. வியாழக்கிழமை ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாளுக்கு மேலும் 10,000 கோடி எடுக்கக் கோரிக்கைகள் வரிசையில் நின்றன. வெள்ளிக்கிழமை காலை கலிபோர்னியா அதிகாரிகள் வங்கியை மூடினார்கள். 2008ல் வாஷிங்டன் மியூச்சுவல் விழுந்தபோதுகூட பத்து நாளில் போனது 1,670 கோடிதான்.

பத்திரங்கள் எல்லாம் முதல்தரம். அவற்றில் ஒரு டாலர் கூட வாராக்கடன் ஆகவில்லை. இருந்தும் வங்கி போனது. காரணம், அதன் டெபாசிட்டில் ஏறக்குறைய 94 சதவீதம் காப்பீட்டு வரம்பான 2,50,000 டாலருக்கு மேற்பட்டது. காப்பீடு இல்லாதவர் காத்திருக்க மாட்டார். காத்திருக்கவும் கூடாது.

இன்னொன்று. எச்டிஎம் பெட்டியிலிருந்து ஒரு பகுதியை விற்றால், மிச்சமிருப்பதையும் அந்தப் பெட்டியில் வைத்திருக்கும் தகுதி போய்விடும். மொத்தமும் சந்தை விலைக்கு வந்தாக வேண்டும். 1,520 கோடியும் ஒரே நாளில் வெளியே தெரியும். அதனால் ஏஎஃப்எஸ்ஸை விற்றுச் சமாளிக்கப் பார்த்தார்கள். பத்திரங்களை அடகு வைத்து பெடரல் ரிசர்விடம் கடன் வாங்கலாமே என்பீர்கள். அதற்குப் பத்திரங்கள் முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி மணி நேரத்தில் நகர்த்த முயன்று முடியவில்லை. 2022ல் அந்த வசதியை ஒரு முறைகூட அவர்கள் சோதித்துப் பார்க்கவில்லை. ட்ரஷரியில் வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன், இதை என்னால் மன்னிக்கவே முடியாது.

#8 கொடிவேரி

நன்றி ஐயா. எண்ணைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஒன்று புரியவில்லை. 2023 செப்டம்பர் முடிவில் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் எச்டிஎம் நஷ்டம் 13,160 கோடி டாலர் என்று படித்திருக்கிறேன். சிலிக்கான் வேலியைவிட எட்டு மடங்குக்கும் மேல். அதற்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

#9 பேரேடு

நஷ்டத்தின் அளவை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுதான் சான்று. அந்த வங்கியின் டெபாசிட் 1.9 லட்சம் கோடி டாலரை ஒட்டியது. சம்பளக் கணக்கும் குடும்பக் கணக்கும் வைத்திருக்கும் கோடிக்கணக்கான மக்களின் பணம் அதில் இருக்கிறது. வட்டி ஐந்து சதவீதத்தைத் தாண்டியபோதும் அவர்களில் பெரும்பாலானோர் செக்கிங் கணக்கிலிருந்து பணத்தை நகர்த்தவில்லை. வங்கி அவர்களுக்கு ஏறக்குறைய வட்டியே தராமல் வைத்திருக்க முடிந்தது. 1.5 சதவீதப் பத்திரத்தை அரை சதவீதப் பணத்தால் தாங்கிப் பிடித்தால் லாபம் குறையும், வங்கி நிற்கும். அதே பத்திரத்தை நான்கரை சதவீதப் பணத்தால் தாங்கினால் ஒவ்வொரு நாளும் கையிலிருந்து போகும்.

வங்கி அந்தப் பத்திரங்களை விற்கவில்லை. முதிர்ந்து வந்த பணத்தைப் புது வட்டியில் போட்டார்கள். அந்த நஷ்டம் வருடா வருடம் குறைந்த வட்டி வருமானமாகப் பங்குதாரர் தலையில் இறங்கியது. 2023 முடிவில் சந்தை வட்டி கொஞ்சம் இறங்கியதும் எச்டிஎம் நஷ்டம் 9,800 கோடியாகக் குறைந்தது.

பெடரல் ரிசர்வும் 2023 மார்ச் 12 அன்று ஒரு கடன் வசதியைத் திறந்தது. அதில் பத்திரத்தின் சந்தை விலையைப் பார்க்காமல் முகமதிப்புக்கே ஒரு வருடக் கடன் கொடுத்தார்கள். நான் போட்ட கணக்கில் 763 டாலர் பெறும் பத்திரத்துக்கு 1000 டாலர். விற்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போனது. 2024 மார்ச்சில் புதுக்கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

#10 சிற்றோடை

அப்படியென்றால் என் வாதத்தை வேறு விதமாக வைக்கிறேன். நல்ல டெபாசிட் இருக்கும் வங்கிக்கு வட்டி ஏறினால் அந்த டெபாசிட்டின் மதிப்பும் ஏறுகிறது, இல்லையா? மலிவாகக் கிடைக்கும் பணம் முன்பைவிட மதிப்புள்ளதாகிறது. பத்திரத்தில் வரும் நஷ்டத்தை மட்டும் சந்தை விலையில் எழுதி, அந்த ஆதாயத்தை எழுதாமல் விட்டால் அது பாதிக் கணக்கு. வங்கி கொடுத்த நீண்டகாலக் கடன்களையும் யாரும் சந்தை விலையில் எழுதுவதில்லையே. எல்லாவற்றையும் தினமும் விலை போட்டுக் காட்டினால் நல்ல வங்கியிலிருந்தும் மக்கள் ஓடுவார்கள்.

#11 கடலூர்க்காரர்

இது சரியான வாதம், தம்பி. எச்டிஎம் பெட்டியை ஆதரிப்பவர்களின் பலமான வாதமே இதுதான். கடன்களைப் பற்றிச் சொன்னதும் உண்மை. 2023 மே 1 அன்று மூடப்பட்டு ஜேபி மார்கனிடம் போன ஃபர்ஸ்ட் ரிபப்ளிக்கில் பெரிய பிரச்சினை பத்திரம் அல்ல, குறைந்த வட்டிக்குக் கொடுத்த பெரிய வீட்டுக்கடன்கள். அந்தப் பன்னிரண்டு மாத அட்டவணை எதிலும் அவை தெரியாது.

ஆனால் டெபாசிட்டின் மதிப்பு என்கிறீர்களே, டெபாசிட்தாரர் இருக்கும்வரைதான் அது இருக்கும். நஷ்டம் எழுதப்படாமல் இருக்கலாம் என்ற சலுகைக்கு அடிப்படையே அந்த மதிப்பு. வங்கி தடுமாறும் நாளில் முதலில் மறைவதும் அதுவே. ஆகவே என் கருத்து: தினமும் விலை எழுத வேண்டாம். ஆனால் எச்டிஎம் நஷ்டம் மூலதனத்தில் கணிசமான பங்கைத் தாண்டும் வங்கியிடம், காப்பீடு இல்லாத டெபாசிட்டும் அதிகமாக இருந்தால், மேற்பார்வையாளர் கதவைத் தட்டி மூலதனம் கேட்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

#12 வைகறை

நம் ஊர் நிலவரமும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன், நான் இந்திய வங்கி ட்ரஷரியில்தான் இருக்கிறேன். இங்கே ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகியகாலக் கடன் தரும் வட்டி) 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியது. அமெரிக்காவின் ஏற்றத்தில் பாதிதான். சட்டப்படி டெபாசிட்டில் 18 சதவீதத்தை எஸ்எல்ஆர் என்ற கட்டாய இருப்பாக, பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில், வைத்தே ஆக வேண்டும் என்பதால் எச்டிஎம் பெட்டி எப்போதும் பெரிதாக இருக்கும்.

2024 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிகளை மாற்றிவிட்டது. முன்பு வருடத்துக்கு ஒரு முறை போர்டு அனுமதியோடு பெட்டி மாற்ற முடிந்தது. இப்போது அப்படி நினைத்தபடி மாற்ற முடியாது. ஏஎஃப்எஸ் ஏற்ற இறக்கம் ஒரு தனி ரிசர்வுக்குப் போகும், அது முதல்நிலை மூலதனத்தில் சேரும். சிலிக்கான் வேலி விட்டுவிட்ட அந்த நஷ்டம் இங்கே விகிதத்தில் தெரியும். எச்டிஎம்மில் வருடத் தொடக்க மதிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் விற்க, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும்.

#13 கொடிவேரி

எல்லோருக்கும் நன்றி. இப்போது என் வங்கியின் அறிக்கையில் எந்தெந்த எண்களை எடுக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?

#14 பேரேடு

பன்னிரண்டு மாத அட்டவணையில் நிற்காமல் எச்டிஎம் அட்டவணைக்குப் போங்கள். புத்தக மதிப்பிலிருந்து சந்தை மதிப்பைக் கழியுங்கள். அதோடு ஏஎஃப்எஸ் நஷ்டத்தையும் வைத்து, உறுதியான பங்கு மூலதனத்தோடு, அதாவது குட்வில் (வேறு நிறுவனங்களை வாங்கியபோது அவற்றின் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) நீக்கிய மூலதனத்தோடு ஒப்பிடுங்கள். ஏஎஃப்எஸ் நஷ்டம் ஏற்கனவே மூலதனத்தில் கழிந்திருக்கும், இரண்டு முறை கழித்துவிடாதீர்கள்.

முந்தைய வருடத்தைவிட ஏஎஃப்எஸ் நஷ்டம் திடீரென்று சுருங்கியிருந்தால், பத்திரங்களை எச்டிஎம்முக்கு மாற்றினார்களா என்று குறிப்பில் தேடுங்கள். 2022ல் பல வங்கிகள் மாற்றின. மாற்றிய நாளின் நஷ்டம் மூலதனத்தில் உறைந்து நின்று மெல்லக் கரையும், அதன் பிறகு வரும் இறக்கம் அங்கே தெரியாது.

முதிர்வு அட்டவணையில் பத்து வருடத்துக்கு மேல் என்ற வரி பெரிதாக இருக்கும். வீட்டுக்கடன் பத்திரங்களை ஒப்பந்த முதிர்வுப்படி காட்டுவதால் அப்படி. வைகறை சொன்ன நீட்சி எவ்வளவு என்பதற்கு நிர்வாகம் சொல்லும் டியூரேஷன் எண்ணைப் பாருங்கள். பணம் திரும்ப சராசரியாக எத்தனை வருடம் ஆகும் என்பதைக் காட்டும் எண் அது.

கடைசியாக, காப்பீடு இல்லாத டெபாசிட். ஆண்டறிக்கையில் தெளிவாக இல்லாவிட்டால் வங்கி ஒவ்வொரு காலாண்டும் அரசுக்குத் தாக்கல் செய்யும் கால் ரிப்போர்ட்டில் கிடைக்கும். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆர்சி-பி பகுதியில் இரு பெட்டிகளின் புத்தக மதிப்பும் சந்தை மதிப்பும் இருக்கும். 100 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கி என்றால் ஆர்சி-ஓ பகுதியில் காப்பீடு இல்லாத தொகையின் மதிப்பீடும் இருக்கும். கடைசி நான்கு காலாண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்களை இங்கே போட்டால் சேர்ந்து பார்ப்போம்.